பங்குக் கிணற்றின் இரண்டாம் இறைப்பு

வட்டக்கச்சியில் நாங்கள் இருந்த ஒழுங்கையில், வேலிகளுக்கு நடுவே ஓடிய சின்னத் தெருவில், ஐந்து வீடுகளுக்கு ஒரு குடிதண்ணீர்க் கிணறு இருந்தது. வீட்டு வளவுகளில் வேறு கிணறுகள் இல்லாமல் இல்லை. அவற்றின் தண்ணீர் பயிருக்கும் தோய்ச்சலுக்கும் ஆகும். குடித்தால் நாக்கில் காவி ஒட்டியதுபோல் இருக்கும். எங்கள் வளவின் மூலையில், ஒழுங்கையை ஒட்டி இருந்த இந்தக் கிணற்றில் மட்டும்தான் வாய்க்கு ருசியான தண்ணீர். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்த முதல் குடும்பங்கள் சேர்ந்து வெட்டியது அது. நிலம் எங்களுடையது என்றாலும் கிணறு எங்களுடையது அல்ல. பங்குக் கிணறு.

பங்கு எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் அதில்தான் தங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் கிணற்றுப் பங்கைக் காணி உறுதியிலேயே எழுதுவார்கள். இங்கே எழுத்தில் ஒன்றும் இல்லை, வழக்கம்தான் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை, வைகாசிப் பொங்கலுக்கு முன்னர், கிணற்றை அடிமட்டும் இறைத்து, சேறு அள்ளி, ஊற்றுக்கண்களைத் திறந்துவிடுவோம். அந்த இறைப்புக்கு ஆள் விடுகிற வீட்டுக்குப் பங்கு. வீட்டில் ஆண்கள் இல்லாவிட்டால் கூலிக்கு ஒருவரைப் பிடித்து அனுப்பலாம். அப்போது பங்கு கூலி கொடுத்த வீட்டுக்குத்தான்; கூலி வாங்கியவருக்கு இல்லை. அவருடைய உரிமை அன்று பின்னேரமே தீர்ந்துவிடும். இதை யாரும் யாருக்கும் விளக்கியதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மாரி காலத்தில், முல்லைத்தீவுக் கரையிலிருந்து சில குடும்பங்கள் வந்து எங்கள் ஒழுங்கைக்கு எதிரே, வாய்க்காலோரத்து ஒதுக்குக் காணியில் கொட்டில் போட்டன. போரால் கரையில் இருக்க முடியாமல் எழும்பி, இடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கி, அங்கிருந்தும் எழும்பி வந்தவர்கள். கத்தோலிக்கர்கள். தொழில் கடல். எங்கள் பக்கத்தில் கடல் இல்லை; ஆண்கள் குளத்தில் வலை போட்டார்கள், பெண்கள் கடகத்தில் மீன் சுமந்து விற்றார்கள்.

அவர்கள் வந்த அன்று நல்ல மழை. பக்கத்து வளவு அண்ணை தன் வேலியில் நின்ற பூவரசில் தடி வெட்டிக் கொண்டுபோய்க் கொட்டில்களுக்குக் கொடுத்தார். அவருடைய மனைவி, எங்களுக்கு அக்கா, பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி அனுப்பினார். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பின்னர் அந்தக் குடும்பங்களுக்கு எதிராக முன்னுக்கு நின்றதும் இந்தக் கணவனும் மனைவியும்தான். கெட்டவர்கள் சண்டை தொடங்கினார்கள், நல்லவர்கள் தீர்த்துவைத்தார்கள் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மாரியில் கிணறு முட்டி நின்றது. எட்டி அள்ளலாம் போல. தண்ணீர் எடுக்கலாமோ என்று கேட்டார்கள், அள்ளுங்கோ என்றோம். யாரும் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நிறைந்து கிடக்கிற பொருளில் யாருக்கும் யாரோடும் சண்டை வருவதில்லை.

அந்த நாட்களில் நான் வீட்டில் தையல் தைத்துக்கொண்டிருந்தேன். மெசின் இருந்தது கிணற்றைப் பார்த்த யன்னலடியில். அதனால் நடந்தவற்றில் பெரும்பகுதியைக் கண்ணால் கண்டேன். மிச்சத்தைக் காதால் கேட்டேன்.

கரைப் பெண்கள் தண்ணீர் அள்ளுகிற விதமே வேறு. நாங்கள் கப்பியில் கட்டிய பொதுவாளியைத் தொப்பென்று விட்டு, அது அமிழ்ந்து நிறைய, கைமாற்றிக் கைமாற்றி இழுத்து, குடத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுவோம். அவர்கள் சொந்தமாகச் சின்ன வாளி கொண்டுவந்தார்கள். அதை மெல்ல இறக்கி, மேல்தண்ணீரில் சரித்து, அரை வாளி எடுப்பார்கள். பிறகு நிற்பார்கள். ஏதாவது கதைப்பார்கள். மறுபடியும் அரை வாளி.

“உவை தண்ணி அள்ள வருகினமோ, கிணத்துக்குத் தாலாட்டுப் பாட வருகினமோ?” என்று ஒருநாள் பக்கத்து வளவு அக்கா கேட்டார்.

கரைப் பெண்களில் எங்களோடு அதிகம் பழகியவர் ஒரு மீன்காரப் பெண். என்னிலும் இரண்டொரு வயது இளையவராக இருக்கலாம். அவர் திரும்பிப் பார்த்து, “ஓம் அக்கா, நாங்கள் பாடுறம். நீங்கள் வாளியாலை அடிச்சு எழுப்பிப் போடுறியள்” என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். இது மாசி மாதத்தில்.

சித்திரையில் அதே கேள்வியை அக்கா மறுபடியும் கேட்டார். அப்போது கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது, குடங்கள் வரிசையில் நின்றன. சொற்கள் மாறவில்லை, ஆனால் இம்முறை யாரும் சிரிக்கவில்லை. மீன்காரப் பெண் அரை வாளித் தண்ணீரைக் குடத்துக்குள் ஊற்றினார்.

எங்களுக்குள் விளக்கங்கள் பிறக்கத் தொடங்கின. அவர்கள் வந்த பிறகுதான் தண்ணீர் இறங்கியது என்பது ஒன்று. வேண்டுமென்றே மெல்ல அள்ளி எங்களை மறிக்கிறார்கள் என்பது இன்னொன்று. மூன்றாவது, அந்தச் சின்ன வாளி. மீன் கழுவுகிற வாளியைக் குடிதண்ணீருக்குள் விடுகிறார்கள் என்றோம். மீன் மணம் மட்டும்தானா காரணம் என்றால், இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் ஆட்கள் கொண்டுவந்தது பங்கு வழக்கத்தை மட்டும் அல்ல. யார் கை எந்தக் கிணற்றில் படலாம் என்ற பழைய எண்ணத்தையும் கூடவே கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அதை வாய்விட்டுச் சொல்ல எல்லோருக்கும் கூச்சம். மீன் மணம் என்று சொல்வது வசதியாக இருந்தது. அவர்கள் ஏன் சொந்த வாளி கொண்டுவருகிறார்கள் என்று ஒருவரும் அவர்களிடமே கேட்கவில்லை. விளக்கம் எங்களிடம் இருந்ததால் கேள்விக்கு இடம் இருக்கவில்லை.

வைகாசியில் வழக்கமான இறைப்பு வந்தது. ஒழுங்கையில் இளம் ஆண்கள் குறைந்துபோயிருந்தார்கள். இறைக்கிற மெசினுக்கு ஊற்ற மண்ணெண்ணெய் இல்லை. கிடைத்த கொஞ்சமும் விளக்குக்கே காணாது. என் கணவர், பக்கத்து வளவு அண்ணை, இன்னும் சிலர், எல்லோரும் நாற்பதைக் கடந்தவர்கள், காலையிலிருந்து கையால் இழுத்து இறைத்தார்கள். தண்ணீர் வற்றிச் சேறு தெரியும்போது அவர்களுக்குக் கை ஓய்ந்துவிட்டது. சேற்றின் மேற்பகுதியை மட்டும் அள்ளிவிட்டு ஏறிவிட்டார்கள். ஊற்றுக்கண்கள் மூடியபடியே கிடந்தன.

இறைப்பு நாளைப் பங்கு வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்வது வழக்கம். கொட்டில்களுக்குப் பங்கு இல்லை. அதனால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. மத்தியானம் மீன்காரப் பெண் குடத்தோடு வந்தார். கிணற்றைச் சுற்றிச் சேறு. அண்ணை நெஞ்சுவரை சேறு பூசி, இளைத்து, கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இண்டைக்குத் தண்ணி இல்லை. போங்கோ” என்றார். களைத்த மனிதன் சொல்கிற விதத்தில்தான் சொன்னார். மீன்காரப் பெண் எட்டிக் கிணற்றுக்குள் பார்த்தார். வெறுங்குடத்தோடு திரும்பிப் போனார்.

அன்று பின்னேரமே வாய்க்காலுக்கு அப்பாலிருந்து ஒரு கதை வந்துசேர்ந்தது. தாங்கள் தொட்ட கிணறு என்று அதைக் கழுவுகிறார்கள் என அங்கே கதைக்கிறார்களாம். பக்கத்து வளவு அக்காவுக்கு ஆத்திரம் வந்தது. “வருசா வருசம் இறைக்கிற கிணத்தை இறைச்சா, அது இவையைப் பாத்தோ இறைக்கிறது? பெரிய ஆக்கள்” என்றார். ஆத்திரப்படுவதற்கு அவருக்கு நியாயம் இருந்தது. அந்தக் கதையை நம்புவதற்கு அவர்களுக்கும் நியாயம் இருந்தது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில கிழமைகள் பிடித்தன.

இறைத்த பிறகும் தண்ணீர் ஏறவில்லை. ஒரு விடியற்காலை பார்த்தால் கிணற்றின் பொதுவாளி இல்லை. கப்பியில் அறுந்த கயிற்றின் மிச்சம் தொங்கியது. தேய்ந்து அறுந்த கயிறு அல்ல, வெட்டிய கயிறு. கொட்டில்காரர் செய்த வேலை என்று எங்கள் பக்கம் சொன்னது. பழியைத் தங்கள்மேல் போட ஒழுங்கைக்காரரே வெட்டினார்கள் என்று அந்தப் பக்கம் சொன்னது. அதன் பிறகு மீன்காரப் பெண் எங்கள் ஒழுங்கைக்குள் கடகத்தோடு வருவதை நிறுத்திக்கொண்டார். கிணற்றடியில் மட்டும் கண்டோம். அக்கா, தங்கச்சி என்ற விளிப்புகள் போய், இரண்டு பக்கமும் பொதுவாகக் காற்றைப் பார்த்துப் பேசத் தொடங்கின.

“சில பேருக்கு வாளி எண்டா களவெடுக்கிற சாமான்.”

“சில பேருக்குத் தண்ணி எண்டா தாங்கள் பெத்த பிள்ளை.”

கிராமத்துக்குப் பொறுப்பான விதானையார் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் வைத்தார். இரண்டு பக்கமும் எதிரெதிராக வாங்கில்களில் இருந்தோம். அண்ணை எழும்பி, “நாங்கள் வெட்டின கிணறு. கதை அவ்வளவுதான்” என்றார்.

மீன்காரப் பெண்ணின் கணவர், உரத்துப் பேசாத மனிதர், இருந்தபடியே கேட்டார்: “கிணத்தை வெட்டினனீங்கள் சரி. தண்ணியையும் வெட்டினனீங்களோ?”

“அப்ப கடல் ஆருடையது? உங்கட கரையிலை வந்து நான் வலை போட விடுவியளோ?”

“வாங்கோ அண்ணை. முதல் எங்களை அங்க போக விடச் சொல்லிக் கேளுங்கோ. பிறகு ரெண்டு பேருமாப் போடுவம்.”

சிலர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு கூட்டத்தில் நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. யார் முதலில் வந்தது, யார் என்ன சொன்னது, கயிற்றை யார் வெட்டியது என்று போய்க்கொண்டிருந்தது. இரு பகுதியும் அமைதியாக இருக்க வேண்டும் என்று விதானையார் முடித்துவைத்தார். அமைதியாக இருந்தால் தண்ணீர் ஊறிவிடும் என்பதுபோல. கிணறு யாருடையது என்று எல்லோரும் பேசினோம். கிணற்றுக்கு என்ன நடந்தது என்று ஒருவரும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணை எங்கள் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னார்: “கிணத்தைச் சுத்தி அடைச்சுப் படலை போடப்போறன். பூட்டும் வாங்கி வைச்சிட்டன். வாற வெள்ளிக்கிழமை. உன்ரை மூலை எண்டபடியா உன்னட்டைக் கேக்கிறன்.”

என் கணவர் என்னைப் பார்த்தார். மறுத்தால் ஒழுங்கையே எங்களோடு கதைக்காது. சம்மதித்தால் எதிரே இருப்பவர்களுக்குக் குடிக்க வாய்க்கால் தண்ணீர்தான்; வாய்க்காலோ தண்ணீர் விடாமல் பூட்டிய காலம், குழிகளில் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. எனக்கு அப்போது பெரிய ஞானம் ஒன்றும் வந்துவிடவில்லை. ஒழுங்குமுறை பற்றிய ஒரு எண்ணம்தான் வந்தது.

“அண்ணை, போடுறதோ விடுறதோ பிறகு. அவைக்குச் சொல்லாமல் போடக்கூடாது. போன முறை சொல்லாமல் இறைச்சுத்தான் இவ்வளவும் வந்தது” என்றேன்.

“சொல்லுறதெண்டா நீ போய்ச் சொல்லு” என்றார்.

அப்படித்தான் நான் வாய்க்காலைத் தாண்டினேன். நல்ல வெயில். கொட்டிலுக்குள் மீன்காரப் பெண்ணின் மகள் பாயில் சரிந்து படுத்திருந்தாள், நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு. தாய் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு பலகையைத் துடைத்து வைத்தார். நான் வந்த விசயத்தைச் சொன்னேன்.

“படலையோ? போடுங்கோ. நாங்கள் எழும்பிப் பழகின ஆக்கள்” என்றார். விசிறி நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மகளைப் பார்க்காமல், “இவளுக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கு. பிள்ளைத்தாச்சியை வைச்சுக்கொண்டு இன்னொருக்கா எழும்ப ஏலாது அக்கா. அது முடிஞ்ச பிறகெண்டாலும் போடச் சொல்லுங்கோ” என்றார்.

அவர் விசிறியை வைத்துவிட்டு ஒரு பேணியில் தண்ணீர் வார்த்துத் தந்தார். பானையிலிருந்து எடுக்கும்போதும் அதே பழக்கம்: அகப்பையை மேலே சரித்து, கலக்காமல், அரை அகப்பையாக. இத்தனை மாதமாக யன்னலடியில் இருந்து பார்த்த அதே கை. வேறு பேச இல்லாமல்தான் கேட்டேன்.

“ஏன் நீங்கள் எப்பவும் அரை அரையா அள்ளுறியள்?”

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். “வேற எப்பிடி அள்ளுறது? உப்பு ஏறிப் போடாதோ?”

“உப்போ?”

“கரையிலை மணலுக்கை கொஞ்சம் தோண்டினா நல்ல தண்ணி. அது மேலைதான் கிடக்கும், பாலிலை ஆடை கிடக்கிற மாதிரி. கீழ உப்பு. அவசரப்பட்டு அள்ளினா ரெண்டும் கலந்துபோம். பிறகு ஒரு மாரி காணுமட்டும் அந்தக் கிணறு ஒருத்தருக்கும் உதவாது. மெல்ல எடுத்து, ஊறவிட்டு, பிறகு எடுக்கோணும். உங்கட கிணத்தையும் நாங்கள் அப்பிடிப் பாத்துத்தானே அள்ளினனாங்கள். வாளியையும் எங்கட வாளியைக் கொண்டு வந்தது, உங்கட வாளியைத் தொட்டு ஒரு கதை வரக்கூடாதெண்டு.” அவர் விசிறியை மறுபடி எடுத்தார். “நீங்கள் அடியோடை இறைச்சதை நான் கண்டு வந்து சொல்ல, இவர் அழுதவர்.”

“அழுதவரோ?”

“ஓம். எங்களுக்குத் தர மனமில்லாட்டி இல்லை எண்டு சொல்லியிருக்கலாம், கிணத்தை ஏன் கொல்லுகினம் எண்டு சொல்லி.”

நான் பேணியைக் கீழே வைத்தேன். இங்கே நிலம் வேறு, அடியில் உப்பு இல்லை, இறைத்துச் சேறு எடுத்தால்தான் ஊற்றுத் திறக்கும் என்று விளக்கினேன். எங்கள் ஆட்களுக்கு அன்று கை ஓய்ந்ததால் சேறு அரைவாசி அப்படியே கிடக்கிறது, தண்ணீர் ஏறாததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்றும் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே அது சரியாக விளங்கியது. அவர் நம்பவில்லை. “நீங்கள் சொல்லுறியள்” என்றார். நம்பாமல் இருக்க அவருக்கு அவருடைய கரை முழுவதும் சாட்சியாக இருந்தது.

கணவர் வெளியே வலை பொத்திக்கொண்டிருந்தவர். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். வாசலுக்கு வந்து, “நான் இறங்கிப் பாக்கிறன். உப்பெண்டா நாக்குச் சொல்லும். இல்லையெண்டா சேறு அள்ளலாம். குளமும் வத்திப்போச்சு, எங்கட ஆம்பிளையள் சும்மாதான் இருக்கினம்” என்றார்.

இதை அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தபடி, “கடலிலை சுழியோடுறவனைக் கொண்டுவந்து கிணத்துக்கை விடப்போறியோ? சுறா பிடிக்கவோ?” என்று கேட்டார்.

அந்தச் சுறாவை நான் வாய்க்காலுக்கு அப்பால் கொண்டுபோகவில்லை. கிணற்றைக் கொல்லுகிறார்கள் என்ற சொல்லையும் இப்பால் கொண்டுவரவில்லை. அவர்கள் கிணற்றுக்கு உப்பு வந்துவிடும் என்று பயந்துபோனார்கள் என்று மட்டும் சொன்னேன். சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதான் என் பழக்கம். ஆனால் இரண்டு வீடுகளுக்கு நடுவே நடக்கும்போது எதைச் சுமப்பது, எதை இடையில் இறக்கிவைப்பது என்று பார்க்க வேண்டியிருந்தது. பொய் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சுமக்கவும் இல்லை.

“உப்போ? இஞ்சை ஆர் உப்புக் கண்டது?” என்று அண்ணை எழும்பி இருந்தார். “அதுக்கோ அரை அரையா அள்ளினவை?” அவர் மனம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். கீழே இறங்குவது அவர்களில் ஒருவர் என்பது அவருக்கு முள்ளாகத்தான் இருந்தது. குசினிக்குள் இருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது.

“போன முறை இறைச்சுப்போட்டு வந்து பத்து நாள் இடுப்பு நாரி பிடிச்சுக் கிடந்தனீங்கள். இந்த முறை ஆர் இறங்கிறது? நானோ?”

“சரி, ஒருநாள் பாப்பம். படலையை மற்ற வெள்ளிக்குத் தள்ளுறன். அவ்வளவுதான்” என்றார் அண்ணை.

ஆடி பிறந்த கையோடு இரண்டாம் இறைப்பு. ஒரு வருடத்தில் இரண்டு முறை எங்கள் கிணறு இறைக்கப்பட்டது அதுவே முதல். தகரப் பீப்பாயை வெட்டிச் செய்த வாளிகள் இரண்டு, கயிறுகள் இரண்டு. முதலில் ஒரு கயிற்றில் எங்கள் ஆட்கள், மற்றதில் அவர்கள் என்று தனித்தனியாகத்தான் நின்றார்கள். கரை ஆட்கள் வலை இழுக்கிற அம்பாப் பாட்டை மெல்லத் தொடங்கினார்கள். குரலுக்கு ஒரு எட்டுப் பின்வைத்து, சேர்ந்து இழுத்து, சேர்ந்து விட்டார்கள். அவர்களுடைய வாளி இரண்டு தரம் ஏறும்போது எங்களுடையது ஒரு தரம் ஏறியது.

“உள்ளுக்கை மீன் கிடக்கெண்டு நினைச்சு இழுக்கிறாங்கள்” என்றார் அண்ணை. அதைக் கேட்டுக் கரை ஆள் ஒருவர், “மீனில்லை அண்ணை. உங்கட ஆக்களின்ரை மூச்சுத்தான் கிடக்கு” என்றார். எங்கள் பக்கத்திலிருந்துதான் பெரிய சிரிப்பு வந்தது. மத்தியானத்துக்குள் ஆட்கள் களைக்கக் களைக்கக் கயிறு மாறினார்கள்; எந்தக் கயிற்றில் யார் என்பது கலந்துபோயிற்று. அம்பாவுக்கு என் கணவர்கூட வாயசைத்தார்.

தண்ணீர் அடிக்கு வந்ததும் மீன்காரப் பெண்ணின் கணவர் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். மண்வெட்டிச் சத்தம் மேலே கேட்டது. சேறு வாளி வாளியாக வந்தது. ஒரு வாளியில் சேற்றோடு எங்கள் பழைய பொதுவாளி வந்தது. அதன் கழுத்தில் ஒரு முழக் கயிறு, நுனி வெட்டுப்பட்டபடி. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். கரைப் பெண்கள் எங்களைப் பார்த்தார்கள்; நாங்கள் அவர்களைப் பார்த்தோம். அண்ணை குனிந்து முடிச்சை அவிழ்த்துக் கயிற்றுத் துண்டைச் சேற்றுக் குவியலில் எறிந்தார். வாளியைக் கழுவி ஓரத்தில் கவிழ்த்து வைத்தார். “நல்ல வாளி. இன்னும் பாவிக்கலாம்” என்றார். வெட்டியது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் பதில் கண்டுபிடித்த பிறகுதான் சேர்ந்திருக்கலாம் என்றிருந்தால் நாங்கள் ஒருநாளும் சேர்ந்திருக்க மாட்டோம்.

பிறகு கீழேயிருந்து மண்வெட்டிச் சத்தம் நின்றது. மீன்காரப் பெண் ஓடிவந்து கட்டைப் பிடித்துக் குனிந்தார். “என்ன, உப்போ?” என்று கேட்டார். கீழே அவர் ஒரு கை அள்ளிக் குடித்தார்.

“தேத்தண்ணி வைக்கலாம்” என்று குரல் வந்தது.

அந்தப் பெண் அப்படியே கட்டோடு குந்திவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்னேரம் ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டு நின்றபோது அண்ணை தன் வீட்டுக்குள் போய், ஒரு சாக்கில் நெல்லைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கரை ஆட்களுக்கு முன்னால் இறக்கினார். “இந்தாங்கோ. எல்லாரும் பகிர்ந்து எடுங்கோ. நல்லா மினைக்கெட்டனீங்கள்” என்றார்.

பார்க்கிறவர்களுக்கு அது தாராளம். பஞ்ச காலத்தில் ஒரு சாக்கு நெல் சின்ன விசயமல்ல. ஆனால் எங்கள் ஒழுங்கையில் நின்ற ஒவ்வொருவருக்கும் அதன் அர்த்தம் தெரிந்தது. அது கூலி. அதை வாங்கினால் அன்றைய உழைப்பு அன்றோடு தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை படலை போடுவதற்குத் தடை இருக்காது. அண்ணை தந்திரம் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. கடன்படக் கூடாது என்பது அவருடைய குணம். ஆனால் கொட்டில்களில் அன்று அரிசி இருந்திருக்காது என்றும் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தால் கூலி வேண்டாம் என்று பசித்தவர்களுக்குச் சொல்வதாகிவிடும். திறக்கவில்லை.

மீன்காரப் பெண் சாக்கைப் பார்த்தார். தன் கணவரைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு அண்ணைக்கு முன்னால் வந்து நின்றார்.

“அண்ணை, எங்கட பக்கம் கரைவலை இழுக்கேக்கை ஆர் வந்து கயிறு பிடிச்சாலும் கூலி குடுக்கிறேல்லை. ஊரவன் எண்டாலும் வழியாலை போறவன் எண்டாலும் பங்குதான். கூலி எண்டு நீட்டினா, நீ எங்கட ஆளில்லை எண்டு சொல்லுற மாதிரி. நெல்லு வேண்டாம் அண்ணை. தண்ணி போதும்.”

எங்கள் வழக்கத்தை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் பேசியது அவர்களுடைய வழக்கத்தை. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும். அண்ணையின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். தனக்கு நன்கு தெரிந்த ஒரு சட்டத்தை வேறொருவர் வாயில் கேட்ட மனிதனின் முகமாக அது இருந்தது.

“பங்கெண்டா சும்மா இல்லை” என்றார் கடைசியில், கொஞ்சம் கடுமையாக. “வருசா வருசம் இறைப்புக்கு ஆள் விடோணும். ஒரு வருசம் விடாட்டியும் பங்கு போயிடும். பிறகு என்னோடை சண்டைக்கு வரக்கூடாது.”

“வருவம்” என்றார் அந்தப் பெண். பிறகு, “இஞ்சை இருந்தா” என்றார்.

பக்கத்து வளவு அக்காதான் சாக்கைக் காட்டி, “இதை ஏன் நடு வழியிலை வைச்சிருக்கிறியள்? ஆரும் தடக்கி விழப்போகினம். உள்ளுக்கை கொண்டுபோய் வையுங்கோ” என்றார். கணவர் போனதும் அவரே ஒரு சுளகில் அரிசி எடுத்துக்கொண்டு வந்து மீன்காரப் பெண்ணிடம் நீட்டினார். “இது கூலி இல்லை. மகளுக்குக் கஞ்சி வை. நாளைக்கு மீன் கொண்டு வா, கணக்குத் தீர்ந்திடும். பேசாமல் பிடி” என்றார். அவர் பேசாமல் பிடித்தார்.

படலை போடப்படவில்லை. அதற்காக எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று யாரும் நினைக்கக்கூடாது. ஊற்றுத் திறந்த பிறகும் ஆவணியில் தண்ணீர் எல்லோருக்கும் தாராளமாகப் போதவில்லை. காலையில் யார், பின்னேரம் யார் என்று முறை வைத்தோம். அந்த முறையை மீறாத வீடு ஒன்றும் இல்லை, எங்களுடையது உட்பட. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு கரை ஆட்களின் வாளி இறங்கிய பிறகு தண்ணீர் அள்ளுவதையே விட்டுவிட்டு வேறெங்கோ போய் அள்ளியது. அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த வைகாசியில் அவர்கள் ஆள் விடவில்லை, பங்கும் போயிற்று. ஆடி முடிவதற்குள் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைக்கு முதல் முறை தண்ணீர் வார்த்தது அந்தக் கிணற்றிலிருந்துதான்.

ஒருநாள் காலை நான் ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் உரத்த குரல்கள். யன்னலால் எட்டிப் பார்த்தேன். பக்கத்து வளவு அக்கா கிணற்றுக்கட்டோடு துணிப் பேசினை வைத்துச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்துக்கொண்டிருந்தார். மீன்காரப் பெண் இடுப்பில் குடத்தோடு எதிரே நின்றார்.

“அக்கா, சவர்க்காரத் தண்ணி உள்ளுக்கை போகுது. அங்காலை கொண்டுபோய்த் தோயுங்கோ.”

“நீ ஆரடி எனக்குச் சொல்ல? இது நாங்கள் வெட்டின கிணறு.”

“வெட்டினனீங்கள்தான். அடுத்த இறைப்புக்கு உந்தச் சவர்க்காரச் சேத்துக்கை இறங்கிறது என்ரை மனுசனெல்லே. நீங்களோ இறங்கப்போறியள்?”

அக்கா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு பேசினை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, தண்ணீர் சிந்தச் சிந்த, வாழைகளுக்கு அப்பால் போய் இருந்தார். அங்கிருந்தபடி இன்னும் ஏசிக்கொண்டிருந்தார். மீன்காரப் பெண் பொதுவாளியை எடுத்துத் தொப்பென்று கிணற்றுக்குள் விட்டார்.